ஏழாம் மரத்துத் துணிப்பைகள்

தேசிய ஆராய்ச்சி மையம் என்று இன்றைக்குப் பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருக்கும் இடத்துக்கு நான் முதன்முதலில் வேலைக்குப் போனபோது, அங்கே ரப்பர் பால் சேர்க்கிற ஒரு பழைய பால்கொட்டகையைத் தவிர ஒன்றுமில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தின் கடைசி மர நிரைகள் முடிந்து காடு தொடங்குகிற இடம் அது. புக்கிட் பெலிம்பிங் பக்கமிருந்து செம்மண் பாதையில் உள்ளே வர வேண்டும். மழை பெய்தால் லோரி புதையும்.

ஒரு நாள் காலையில் அப்படிப் புதைந்து, தள்ளப்பட்டு, மறுபடி புதைந்து வந்து சேர்ந்த லோரி ஒன்று மூன்று மரப்பெட்டிகளையும் ஒரு மேசையையும் மெலிந்த வெள்ளைக்காரத் துரை ஒருவரையும் இறக்கிவிட்டுப் போனது. தோட்டத்துத் துரைமார்களைப் போல இவர் குதிரையிலும் வரவில்லை, காரிலும் வரவில்லை. தொப்பியைக் கழற்றி, அதில் ரப்பர் இலைகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே நிரைக்குள் நடந்தார். பால் சீவிக்கொண்டிருந்த நாங்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். இலையில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குப் புரியவில்லை.

அது மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருந்தார்கள். வெளியே பட்டாளம் துப்பாக்கியோடு இருந்தது. நடுவில் நாங்கள் பால் சீவினோம். எல்லாருக்கும் படம் ஒட்டிய அடையாளக் கார்டு கொடுத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தால் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தை விட்டு வெளியே வரக்கூடாது. காட்டுக்கு ஒரு பிடி அரிசி போனாலும் ஜெயில். அப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் காட்டோரம் வந்து இலை பொறுக்குகிறார் என்றால், புத்தி சரியில்லை என்றுதான் லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

மறுவாரம் காலைப் பிரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் எங்களை வேலை வாங்கும் மண்டோர் தொண்டையைச் செருமினார்.

"புதுத் தொரைக்கு ஆறு பொம்பளைங்க வேணுமாம். பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிற வேலையாம்."

எல்லாரும் சிரித்தார்கள். மண்டோருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சிரிக்காதீங்க. கை நடுங்காதவளா பாத்து அனுப்பச் சொல்லியிருக்காரு."

பால்கொட்டகை மேசையில் துரை ஒரு பிடி கடுகைக் கொட்டி வைத்திருந்தார். சின்ன இடுக்கி ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு கடுகாக எடுத்துக் கண்ணாடிக் குப்பிக்குள் போடச் சொன்னார். இருபது பேர் போட்டுப் பார்த்தோம். முதலில் முடித்தவர் என் பக்கத்து வீட்டு அக்கா. அக்கா என்றுதான் அவரை லயமே கூப்பிட்டது. முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பவில்லை. பிள்ளை கிடையாது. வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டே கடுகு முழுவதையும் குப்பியில் போட்டுவிட்டு, "இன்னும் இருக்கா தொரை?" என்று கேட்டார். நான் ஐந்தாவதாக முடித்தேன். அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. கைக்குழந்தை ஒன்று இருந்தது.

வேலையைத் துரையின் உதவியாளர் சொல்லிக் கொடுத்தார். அவர் கணக்கெழுதும் ஒரு தமிழ்க் கிராணி, கல்யாணமாகாதவர், சைக்கிளில் வருவார். மரங்களுக்கெல்லாம் தகரத்தில் எண் அடித்துத் தொங்கவிட்டது அவர்தான். நிறையப் பால் கொடுக்கும் மரம் ஒன்று, நோய் தாங்கும் மரம் ஒன்று. இந்த இரண்டையும் கலந்தால் பிறக்கும் மரம் இரண்டு குணத்தையும் கொண்டிருக்குமா என்று பார்ப்பதுதான் துரையின் ஆராய்ச்சி. காற்றையும் பூச்சியையும் நம்பினால் எந்த மரம் எதோடு சேர்ந்தது என்று தெரியாது. அதனால் மனுஷக் கை வேண்டும்.

ரப்பர் பூவை அதுவரை நான் நின்று பார்த்ததே இல்லை. இலையெல்லாம் கொட்டி, புதுத்தளிர் வந்தபிறகு சில வாரம்தான் பூக்கும். மரத்தைச் சுற்றி மூங்கிலால் பரண் கட்டியிருந்தார்கள், இரண்டு வீட்டு உயரத்துக்கு. அதன்மேல் ஏறி நின்று, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஆண்பூவைப் பிரித்து, உள்ளே இருக்கும் துளித்தண்டை இடுக்கியால் எடுத்து, அடுத்த மரத்துப் பெண்பூவுக்குள் வைக்க வேண்டும். பிறகு பஞ்சுத் துணுக்கை ரப்பர் பாலில் நனைத்துப் பூவின் வாயை மூட வேண்டும். எந்த மரம், எந்த மரத்துப் பூ, எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். எனக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்துப் படிப்பு இருந்தது. அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் எங்கள் பரணில் அக்கா பூவைப் பார்த்தார், நான் நோட்டைப் பார்த்தேன்.

முதல் பருவத்தில் பிஞ்சு நிற்கவே இல்லை. நூறு பூவுக்கு ஒன்றிரண்டு. துரை சாப்பிடாமல் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அக்கா பரணிலிருந்தே கீழே பார்த்துச் சொன்னார்.

"தொரை, பஞ்சு கனமா இருக்கு. பூவுக்கு மூச்சு முட்டுது. ஈரம் தங்கி அழுகுது பாருங்க."

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் வரும், உடைந்து உடைந்து. "என்னா செய்யணும்?"

"பஞ்சப் பிரிச்சு நாலு இழை எடுங்க. இழைய மட்டும் பாலுல தொட்டு ஒட்டுங்க. போதும்."

கிராணி முகத்தில் ஈயாடவில்லை. துரைக்குப் புத்தி சொல்கிறாளே என்று பயந்துவிட்டார். துரையோ எழுந்து பரண்மேல் ஏறிவந்து, அக்கா நாலு இழையை எடுத்து ஒட்டுவதை மூக்கு இடிக்கிற அளவு கிட்டத்தில் பார்த்தார். அடுத்த பருவத்தில் எல்லாப் பரணிலும் நாலு இழைதான். பிஞ்சுகள் நின்றன. ஒரே மரத்தில், ஏழாம் எண் மரத்தில், கிளைக்குக் கிளை பச்சைக் காய். துரை குழந்தை மாதிரி கை தட்டினார். தலைநகரிலிருந்து பெரிய துரைமார்கள் காரில் வந்து பார்த்தார்கள். பால்கொட்டகைக்குப் பக்கத்தில் நாற்றுக்கொட்டகை ஒன்று எழுந்தது. இன்னும் இரண்டு கிராணிகள் வந்தார்கள். ஆராய்ச்சி நிலையத்துக்கென்று தனியாக முத்திரை செய்திருப்பதாகச் சொன்னார்கள்.

ரப்பர் காய் முற்றினால் பட்டாசுபோல வெடித்து, கொட்டை எங்கோ போய் விழும். எந்தத் தாயின் கொட்டை எது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. அதனால் முற்றுவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஒவ்வொரு காய்க்கும் துணிப்பை கட்ட வேண்டும். கோதுமை மாவுச் சாக்கை வெட்டி நாங்களே பைகளைத் தைத்தோம். வெள்ளை வெள்ளையாக மரம் முழுக்கத் தொங்கின. தூரத்திலிருந்து பார்த்தால் கொக்குக் கூட்டம் இறங்கியிருப்பதுபோல இருக்கும். ஒவ்வொரு பையிலும் எண். நோட்டிலும் எண். ஏழாம் மரத்தின் உச்சியில், பரணுக்கும் மேலே, கிளையில் கால் பின்னி ஏறி அக்கா கட்டிய பைகளும் இருந்தன. "எறங்குங்கக்கா, விழுந்திடப் போறீங்க" என்று கத்தினேன். "பூவ வச்சது நானு, காய யாரு பாத்துக்குவா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

துரை கோலாலம்பூருக்குக் கூட்டத்துக்குப் போயிருந்த வாரம் அது நடந்தது.

வெயில் ஏறாத காலை. அக்காவும் நானும் மற்றவர்களுக்கு முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தோம். பனி இருந்தது. பரணைக் காணவில்லை என்று முதலில் நினைத்தேன், தப்பான நிரைக்கு வந்துவிட்டோமோ என்று. பிறகுதான் மூங்கில்கள் தரையில் கிடப்பது தெரிந்தது. வெட்டிச் சாய்த்திருந்தார்கள். சேற்றில் வெள்ளைத் துணிகள். பனியில் கண்ணுக்குத் தெரிந்த கிளைகளில் ஒரு பைகூட இல்லை. அறுத்தெடுத்த பச்சைக் காய்களை ஒவ்வொன்றாகக் கத்தியால் பிளந்து போட்டிருந்தார்கள். உள்ளே கொட்டை இன்னும் முற்றாமல் வெள்ளையாக இருந்தது. பூட்ஸ் மிதித்து மாவாகிக் கிடந்தது.

அக்கா குனிந்து ஒரு பாதிக் காயை எடுத்தார். "அறுத்துப் பாத்திருக்கானுங்க புள்ள" என்றார். "உள்ளாற அரிசி இருக்கும்னு நெனச்சிருக்கானுங்க."

அப்போதுதான் ஆட்களைப் பார்த்தேன். நிரைக்கு அந்தப்பக்கம், மரங்களோடு மரமாகப் பட்டாளத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ. ஒருவன் கத்தினான். நான் கையைத் தூக்கினேன். அக்கா தூக்கவில்லை; கையில் காய் இருந்தது. துப்பாக்கி அவர் பக்கம் திரும்பியது.

"கீழ போடுங்கக்கா! போட்டுடுங்க!"

அவர் மெதுவாகக் குனிந்து அதைத் தரையில் வைத்தார், உடைந்துவிடும் என்பதுபோல.

என் பையைக் கொட்டினார்கள். இடுக்கி, பஞ்சு, நூல், நோட்டு. நோட்டைப் புரட்டிய வெள்ளைக்காரன் முகம் மாறியது. பக்கம் பக்கமாக எண்கள். அவன் கூடவந்த ஆளிடம் காட்டினான். இரண்டு பேரும் எங்களைப் பார்த்த பார்வையில்தான், இது வெறும் அதட்டலோடு முடியாது என்று எனக்கு உறைத்தது. கிராணி சைக்கிளில் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் எங்களை லோரியில் ஏற்றிவிட்டார்கள்.

கொண்டுபோய் வைத்த இடம் டவுனில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம். சன்னல்களில் பலகை அடித்திருந்தது. கரும்பலகை அப்படியே இருந்தது. பெண்கள் அறையில் எங்களோடு சேர்த்து எட்டுப் பேர். அன்று மத்தியானமே எனக்குப் பால் கட்டிக்கொண்டது. குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ரவிக்கை நனைந்து ஒட்டியது, நெஞ்சு கல்லாகக் கனத்தது. அக்காதான் சேலையை மறைத்துப் பிடித்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் பீய்ச்சிவிடச் சொன்னார். சிமெண்டுத் தரையில் என் பால் ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. இது யாருக்கோ நடக்கிறது என்பதுபோல இருந்தது.

மூன்றாம் நாள் என்னை மட்டும் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, பக்கத்தில் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர். நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மேசைமேல் என் நோட்டு.

"ஏழு யாரு?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"ஏழு மரம்ங்க."

"பன்னெண்டு?"

"அதுவும் மரம்ங்க. பன்னெண்டு அப்பா மரம். ஏழு அம்மா மரம்."

அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை.

"ஏழும் பன்னெண்டும் எங்க சந்திச்சாங்க?"

"சந்திக்கலங்க. நாங்கதான் பூவ எடுத்து வச்சோம்."

"முப்பது பைன்னு எழுதியிருக்கே. யாருக்கு முப்பது பை?"

எவ்வளவு சொல்லியும் அவர்கள் காதில் அது வேறு ஏதோவாக விழுந்தது. நான் உண்மையைச் சொல்லச் சொல்ல, எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. பூவுக்குக் கல்யாணம், அப்பா மரம், நாலு இழைப் பஞ்சு. யார்தான் நம்புவார்கள்?

பிறகு அந்த மொழிபெயர்ப்பாளர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊர்க்காரர்போலப் பேச ஆரம்பித்தார். எங்கள் லயத்தைப் பற்றிக் கேட்டார். குழந்தையைப் பற்றிக் கேட்டார். அவருக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். அந்த இளக்கத்தில் நான் கரைந்துபோனேன்.

"ஒன்கூட வந்தவங்க நல்ல தைரியசாலி போலருக்கே" என்றார்.

"ஆமாங்க. அக்காவுக்குப் பயமே கெடையாது. ஜப்பான்காரன் சண்டை முடிஞ்ச வருஷம் தொழிலாளர் சங்கத்து ஊர்வலம் போச்சே, அதுல எங்க தோட்டத்துக்குக் கொடி புடிச்சதே அவங்கதான். ஆம்பளைங்களே பின்னால நின்னாங்க."

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னது மிகவும் சின்னதாக இருந்தது. அதிகாரி எழுதினார். எழுதி முடித்த காகிதத்தில் என் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார்கள். அந்தச் சங்கத்தைக் கம்யூனிஸ்டுகளுடையது என்று அரசாங்கம் தடை செய்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நிமிஷத்தில் நினைவு வரவில்லை. அதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

அறைக்குத் திரும்பியதும் அக்கா கேட்டார். "என்னா புள்ள கேட்டானுங்க?"

"மரத்தப் பத்தித்தான்" என்றேன்.

ஒன்பதாம் நாள் காலை துரை வந்தார். சன்னல் பலகை இடுக்கில் பார்த்தேன். மரங்களின் பெரிய பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு படியேறினார். உள்ளே அவர் கத்துவது கேட்டது. அவர் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்து என் பெயரை மட்டும் கூப்பிட்டார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். "போ, புள்ளைக்குப் பால் குடு" என்றார். அவரையும் பின்னாலேயே கூப்பிடுவார்கள் என்று நினைத்து நான் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

லோரி கிளம்பிவிட்டது. "தொரை, அக்கா?" என்றேன்.

துரை முன்னால் பார்த்தபடியே உடைந்த தமிழில் சொன்னார். "ரெண்டு கேட்டேன். ஒண்ணு குடுத்தான்."

தோட்டத்தில் இறங்கியபோது எனக்கு வழி தெரியவில்லை. லயம் இருந்த இடத்தில் அடித்தளச் சிமெண்டும் அடுப்புக் கல்லும்தான் இருந்தன. காட்டுக்கு அரிசி போகக்கூடாதென்று, நான் இல்லாத ஒன்பது நாளில் எல்லாரையும் ஆபீசுப் பக்கத்துத் திடலுக்கு மாற்றி, புது வீடுகளில் போட்டு, சுற்றி முள்கம்பி வேலி கட்டிவிட்டார்கள். வாசலில் காவல்காரர்கள். உள்ளே போகவும் கார்டு, வெளியே வரவும் கார்டு. வேலிக்கு அந்தப்பக்கம் என் கணவர் குழந்தையோடு நின்றிருந்தார். கம்பிக்குள் கைவிட்டுக் குழந்தையைத் தொட்டேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் தோளில் புதைந்துகொண்டது. ஒன்பது நாள்தான். அதற்குள் நான் யாரோவாகிவிட்டேன்.

மறுவாரம் வேலைக்குப் போனேன். கிராணி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கிராணி ஒருவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தொரை எவ்வளவோ பேசிட்டாரு. பை, நோட்டு எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா அந்தம்மா மேல வேற விஷயம் இருக்காம். சங்கத்துல கொடி புடிச்சாங்கன்னு யாரோ வாக்குமூலம் குடுத்திருக்காங்க."

மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வெயில் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். அந்த யாரோ நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை.

ஏழாம் மரத்தின் உச்சியில் பட்டாளத்தார் ஏற முடியாமல் விட்ட பைகள் பதினொன்று மிஞ்சியிருந்தன. அந்த வருஷத்து ஆராய்ச்சியில் மிஞ்சியதும் அவ்வளவுதான். துரை மூங்கில் ஏணி கட்டித் தானே ஏறி அவற்றை இறக்கினார். கொட்டைகளை நான் நாற்றுப்படுக்கையில் ஊன்றினேன். முளைவிட்ட நாளில் நிலையத்தில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். அன்றைக்குத்தான் கிராணி சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் சாய்த்துவிட்டு ஓடிவந்தார்.

"அந்தம்மாவக் கப்பல் ஏத்திட்டாங்களாம்."

"எங்க?"

"இந்தியாவுக்கு. நாடு கடத்திட்டாங்க."

"இந்தியாவுக்கா? அவங்க பொறந்ததே நம்ம அஞ்சாம் நம்பர் லயத்துலங்க! கப்பலையே கண்ணால பாத்ததில்ல!"

"பொறப்புப் பத்திரம் கேட்டாங்களாம். இல்லலா."

அந்தக் காலத்தில் லயத்தில் பிறந்த யாருக்குத்தான் பத்திரம் இருந்தது? எனக்கு மட்டும் இருந்ததா? துரை நாற்றுப்படுக்கைக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். பால்கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பிறகு நிலையம் வளர்ந்த வேகம் எங்களை மலைக்க வைத்தது. பட்டாளம் பைகளை வெட்டிய சங்கதி மேலே போயிருக்க வேண்டும். ஆறே மாதத்தில் ஆராய்ச்சி நிலம் முழுவதற்கும் வேலி, காவல், விளக்கு. பால்கொட்டகையை இடித்துவிட்டுக் கண்ணாடிச் சன்னல் வைத்த கட்டடம். மண்ணைச் சோதிக்க ஒரு பிரிவு, நோயைப் பார்க்க ஒரு பிரிவு. மின்சார இயந்திரம் வந்த அன்று நாங்கள் மிஞ்சிய ஐந்து பேரும் போய் அது உறுமுவதைக் காதைப் பொத்திக்கொண்டு பார்த்தோம். தூரத்துச் சபாக் பக்கமிருந்தெல்லாம் தோட்டத் துரைமார்கள் ஒட்டுப்போடக் குச்சி கேட்டு வந்தார்கள். பழைய மரங்களை மருந்து வைத்துக் கொன்றுவிட்டு நிலையத்து மரங்களை நட்டார்கள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சீவிய நிரையும் அப்படித்தான் நின்ற நிலையில் கருகிச் செத்தது. இரண்டு மாதம் அந்த வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன்.

ஏழாம் மரத்துப் பிள்ளைகளுக்கும் சோதனை வந்தது. வயது வந்ததும் சீவிப் பார்த்து, பால் குறைவானதையெல்லாம் பிடுங்கச் சொன்னார் துரை. "இதுவுமா தொரை?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். "ஆமா, எடு." அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. எங்களை மீட்கப் படியேறிக் கத்தியவர் இவர்தானா என்றிருந்தது. கடைசியில் நான்கு நின்றன. அதில் ஒன்று, யாரும் நம்ப முடியாத அளவுக்குப் பால் கொடுத்தது. இரண்டு வருஷம் நிலையம் முழுக்க அந்த மரத்தைப் பற்றித்தான் பேச்சு. மூன்றாம் வருஷம் ஒரு சாயங்காலப் புயலில் அது இடுப்பளவில் முறிந்து விழுந்தது. கட்டைக்கு வலுவில்லை என்று துரை பதிவேட்டில் எழுதி, எண்ணின்மேல் கோடு போட்டார்.

ஆக, அக்கா கட்டிய பைகளிலிருந்து ஒரு மரமும் வெளியே போகவில்லை. போனது அந்த நாலு இழைதான். நிலையம் முதல் அறிக்கை அச்சடித்தபோது கிராணி எனக்கு அதைப் படித்துக் காட்டினார். பஞ்சை இழையாகப் பிரித்து ஒட்டும் முறை ஒரு பக்கத்துக்கு விளக்கப்பட்டிருந்தது. "இது யாரு சொன்னதுன்னு இருக்கா?" என்றேன். அவர் இரண்டு தடவை தேடிப் பார்த்தார். "நிலையத்தில் கண்டுபிடிக்கப்பட்டதுன்னு இருக்கு" என்றார்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. துரை ஊருக்குப் போய்விட்டார். அவர் நாற்காலியில் இங்கேயே படித்த ஒருவர் வந்து உட்கார்ந்தார். பலகை மாறியது; பெயருக்கு முன்னால் தேசிய என்ற சொல் வந்து சேர்ந்தது. பூப்பருவத்துக்கு எண்பது பெண்கள் வேலைக்கு வந்தார்கள். நான் அவர்களுக்குத் தலைவி. அப்போதும் காட்டோரத் தோட்டங்களில் ஊரடங்கு முழுதாக நீங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கடிதம் வந்தது. மேலே ஆராய்ச்சி நிலையத்தின் பெயரும், பூ வேலை செய்யும் தங்கச்சிக்கு என்றும் மட்டும் இருந்தது. இந்திய அஞ்சல்தலை. அக்கா யாரிடமோ சொல்லி எழுதியிருந்தார். நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டார்களாம். அப்பா சொல்லியிருந்த ஊர்ப்பெயரை வைத்து விசாரித்துக்கொண்டே நடந்தாராம். அந்த ஊரில் அப்பாவின் பங்காளி வீட்டில் ஒருவர் அடையாளம் கண்டு சேர்த்துக்கொண்டாராம். நடவு வேலைக்குப் போகிறார். இங்கே எல்லாரும் என்னை மலாயாக்காரி என்கிறார்கள் என்று எழுதியிருந்தார். என் மகளுக்கு எத்தனை வயது என்று கேட்டிருந்தார்.

உயிரோடு இருக்கிறார் என்பதைத் தாங்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. பிறகு பதில் எழுத உட்கார்ந்தேன். மகளைப் பற்றி எழுதினேன், நிலையத்தைப் பற்றி எழுதினேன். நான்கு பக்கம் எழுதியபிறகு அந்த மேசை, அந்த வெள்ளைச் சட்டை, நான் சொன்ன கொடிக்கதை, எல்லாவற்றையும் எழுதினேன். மன்னித்துவிடுங்கள் அக்கா என்று முடித்து, மறுபடி படிக்காமல் தபாலில் போட்டேன்.

பதில் வரும்வரை நான் ஒழுங்காகச் சாப்பிட்டதாக நினைவில்லை. பூப்பருவம் தொடங்கிய வாரத்தில் கிராணி அதை என் கையில் கொடுத்தார். பரணுக்குக் கீழே நின்றபடியே பிரித்தேன். ஒரு பக்கம்தான். யார் எழுதினார்களோ, அக்கா சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார்கள்.

"நீ சொன்னத அங்கயே எனக்குப் படிச்சுக் காட்டிட்டானுங்க. நீ ரூமுக்குத் திரும்பி வந்து மரத்தப் பத்தித்தான் கேட்டானுங்கன்னு சொன்னியே, அதுக்கு ஆறு நாளு கழிச்சு, நீ வெளிய போன அன்னிக்குச் சாயந்தரம். கொடி புடிச்சது நெசந்தான், இல்லன்னு நான் சொல்லல. உன்ன மன்னிச்சிட்டேன்னு எழுதட்டுமான்னு இந்தத் தபால்காரரு கேக்குறாரு. நான் வேணாம்னுட்டேன். கப்பல்ல, அப்புறம் இங்க ஒரு வருஷம், உன்னத் திட்டாத நாள் இல்ல. இப்பத் திட்டுறதில்ல. அவ்வளவுதான். மகளுக்குப் பள்ளிக்கூடம் நிறுத்தாத. பொறப்புப் பத்திரம் எடுத்து வையி."

மூன்று தடவை படித்தேன். எழுத்துகள் எனக்குத் தெரியாத பாஷைபோல நின்றன. மேலே பரணில் புதுப்பெண்கள் இரண்டு பேர் இடுக்கியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அக்கா, இழை எப்பிடிப் பிரிக்கிறதுன்னு காட்டுறேன்னீங்களே" என்று அதில் ஒருத்தி கூப்பிட்டாள்.

கடிதத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ஏறினேன். பஞ்சைப் பிரித்தேன். கடுகு எடுத்த காலத்திலிருந்து ஒரு நாளும் நடுங்காத கைதான். முதல் மூன்று பூவும் உதிர்ந்து கீழே போயின. அந்தப் பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலாவது பூவில்தான் இழை ஒட்டியது.

மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு, பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன்.